நாலு பாட்டில், நாற்பது சொட்டு
உணவு, மருந்து ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் டீக்கடைக்கு வந்த உணவு பாதுகாப்பு அலுவலர் இரண்டு லிட்டர் பால் வாங்கி, நாலு பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவர் விட்டதே கலப்படம் ஆகிவிடாதா? கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வேனா?
(டீக்கடைக்காரர், தேனி)

பதில்: அவர் விட்டது ஃபார்மலின். ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்குள் பால் திரிந்துவிடக் கூடாது என்பதற்காக விதியே அதற்கு இடம் தருகிறது. 25 மில்லி பாலுக்கு இரண்டு சொட்டு என்பது கணக்கு; அரை லிட்டர் பாட்டிலுக்கு நாற்பது. சேர்த்த விவரத்தையும் அவர் படிவத்தில் எழுதியாக வேண்டும். அந்தப் பாட்டிலில் கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் போன்றவற்றைத்தான் பார்க்க முடியும். கிருமி பார்ப்பதென்றால் ஃபார்மலின் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

சொட்டை எண்ணுவதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, பால் நன்றாகக் கலக்கப்பட்டதா என்பதைத்தான். கேன் அசையாமல் நின்றால் கொழுப்பு மேலே திரளும். கலக்காமல் அடிப்பாலை எடுத்தால், நல்ல பாலும் பசும்பாலுக்கு உரிய 3.2 சதவீதக் கொழுப்பை எட்டாமல் போகலாம். 'மொத்தப் பாலையும் ஆற்றிவிட்டு எடுங்கள் சார்' என்று கேளுங்கள். பால் ஆற்றுவதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டில்கள் ஈரமில்லாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது சீல். பாட்டிலைத் தடித்த தாளில் சுற்றி, குறியீட்டு எண் உள்ள சீட்டு ஒட்டி, நூல் கட்டி அரக்கு வைப்பார்கள். தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு என்று குறைந்தது நாலு முத்திரை தெளிவாக விழ வேண்டும். உங்கள் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலுமாக விழ வேண்டும்; பின்னால் யாராவது சீட்டைப் பிரித்து மாற்றினால் கையெழுத்து பொருந்தாது. ஆகவே அந்தக் கையெழுத்து உங்களுக்கும் காவல்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. மறுத்தாலும் சாட்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிடுவார்கள். எடுத்த பாலுக்கு விற்பனை விலையை அவர் தர வேண்டும். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலில் ஒன்று உணவு பகுப்பாய்வாளருக்குப் போகும். தமிழ்நாட்டில் கிண்டி, கோவை, தஞ்சாவூர், மதுரை, சேலம், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுக் கூடங்கள் இருக்கின்றன. இரண்டு பாகம் உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நாலாவதுதான் பலரும் கோட்டைவிடுவது. நீங்கள் கேட்டால் அதை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 47-வது பிரிவு. இரண்டு முடிவும் முரண்பட்டால் நியமன அலுவலர் தன்னிடம் உள்ள ஒரு பாகத்தை மேல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அது சொல்வதே முடிவு. நாலாவது பாகத்தை அனுப்பச் சொல்லி மாதிரி எடுக்கும்போதே, எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் விற்ற மிளகாய்த்தூள் பாக்கெட் 'தரம் குறைந்தது' என்று அறிக்கை வந்திருக்கிறது. தூளை அரைத்தது கம்பெனி. எனக்கு என்ன பொறுப்பு?
(மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

பதில்: முதலில் அறிக்கையின் கடைசிப் பத்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'தரம் குறைந்தது', 'தப்புக் குறியீடு' (லேபிளில் தவறு) இரண்டும் அபராதத்தோடு முடிகிறவை; முன்னதற்கு 5 லட்சம் ரூபாய் வரை, பின்னதற்கு 3 லட்சம் வரை. இவற்றை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். 'பாதுகாப்பற்றது' என்றிருந்தால் கதை வேறு. அது குற்றவியல் வழக்கு, சிறை வரை போகும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததும், மாதிரிகளில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான்.

அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். படிவம் 8. தேதி எழுதிய தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாளை அதைக் கொண்டுதான் எண்ண வேண்டியிருக்கும். கொள்முதல் பில், அதில் பேட்ச் எண், சரக்குக்கு விற்றவர் எழுதித் தரும் 'படிவம் இ' உத்தரவாதம் மூன்றும் இருந்தால் கம்பெனியையும் வழக்குக்குள் இழுக்கலாம். துண்டுச் சீட்டில் சரக்கு வாங்கியிருந்தால் சிரமம்தான். பாக்கெட் பிரித்ததாகவோ, வெயிலில் கிடந்ததாகவோ இருந்தால் பழி உங்கள் மேல்தான் விழும்.

கேள்வி: வீட்டில் வாங்கிய எண்ணெயில் சந்தேகம். நானே கிண்டிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கலாமா?
(இல்லத்தரசி, தாம்பரம்)

பதில்: சட்டத்தின் 40-வது பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: வாங்கும்போதே கடைக்காரரிடம், 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். பாதி காலியான கேன் அதற்கு உதவாது. அதே பேட்சில் புது பாட்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்கி, பில்லோடு, பிரிக்காமல் கொடுங்கள். கட்டணம் உண்டு. 14 நாளில் அறிக்கை வரும். பொருள் தேறவில்லை என்றால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு.

கேள்வி: இருமல் மருந்துச் செய்திக்குப் பிறகு சிரப் வாங்கவே பயமாக இருக்கிறது. மருந்து ஆய்வாளர்கள் முன்பே பார்க்க மாட்டார்களா?
(ஆசிரியர், திருச்சி)

பதில்: கடைக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலையும் அரசு சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, ஒவ்வொரு பேட்சையும் அதன் மூலப்பொருளையும் சோதிக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆய்வாளர் அங்கங்கே மாதிரி எடுப்பார். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்த பிறகு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பின் ஒரு பேட்சை இங்கே சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்படுவது 0.1 சதவீதம். சிரப்பில் கரைப்பானாகச் சேரும் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் பார்ப்பதற்கு இந்த நஞ்சைப் போலவேதான் இருக்கும்: நிறமில்லாமல், பாகாக, லேசான இனிப்போடு. டிரம் வந்து இறங்கியதும் எடுத்துச் சோதிக்காமல் உள்ளே விட்டால் அதன் பிறகு கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

கடையில் மாதிரி எடுக்கும்போது மருந்து ஆய்வாளரும் நாலு பாகம் செய்வார், மாதிரி எடுத்ததைத் தெரிவிக்கும் படிவம் 17 தருவார். அரசு பகுப்பாய்வாளரின் அறிக்கையை மறுக்க நினைப்பவர் 28 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்போது மாதிரியின் இன்னொரு பாகம் கொல்கத்தாவின் மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும்.

உங்கள் பங்குக்கு: பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள், மருந்து தீரும்வரை பாட்டிலை வீசாதீர்கள். மாத்திரைப் பட்டையை வெட்டித் தரும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்வார். உங்கள் துண்டில் அவை இல்லையென்றால் பில்லில் எழுதி வாங்குங்கள். பேட்ச் எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் எந்தப் பெட்டியையும் தேட முடியாது.