நுகர்வோர் கேள்வி-பதில்: ரேஸ் டிராக்கில் போட எந்தக் கேனோபி?

கேள்வி: வணக்கம் சார். நானும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய போலோ காரைத் தயார்செய்து, டைம் அட்டாக் (ஒரு சுற்றின் நேரத்தை வைத்து நடக்கும் போட்டி), டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) என்று கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்வருகிறோம். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் போக எண்ணம். பேடாக்கில், அதாவது டிராக்கை ஒட்டிக் கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பகுதியில், எங்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் திறந்தவெளிதான். நாலு காலில் நிற்கும் துணிக்கூரையான மடக்கும் கேனோபி ஒன்று வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால், விலை நாலாயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்துக்கு மேலும் போகிறது. படத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. பத்துக்குப் பத்து போதுமா? காரையும் உள்ளே விட வேண்டும் என்றால் எந்த அளவு? எதை வாங்குவது?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எதை வாங்கினாலும் சரி, பட்ஜெட்டில் ஒரு பகுதியைக் கால்களுக்குக் கட்டும் எடைக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

பத்தடிக்குப் பத்தடி கூரை என்பது சுமார் 9 சதுர மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தப் பரப்பில் நேராக மோதினால் ஏறக்குறைய 40 கிலோ விசையில் தள்ளும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 70 கிலோ. 60 என்றால் 150 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும், அதுதான் இதில் வில்லங்கம். கூரை சாய்வாகப் படுத்திருப்பதால் முழு விசையும் எப்போதும் விழாது. ஆனால் ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பி, அடியில் காற்று புகுந்துவிட்டால் இந்தக் கணக்குதான். கேனோபியின் சொந்த எடையோ மாடலைப் பொறுத்து 17 முதல் 30 கிலோ வரைதான்.

செட்டிபாளையத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கோவைப் பக்கம் வேகமாகப் புகுகிறது. பல்லடம், உடுமலையில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். நாம் சேலத்து வெயிலை நினைத்துக் கேனோபி வாங்குகிறோம். ஜூன், ஜூலையில் அங்கே போய் இறங்கினால் காற்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோடை மாதங்களிலும் சாயங்காலம் ஒரு மழை வருவதற்கு முன்னால் திடீரென்று அடிக்கும் சூறைக்காற்று எந்த ஊருக்கும் பொது.

பெட்டிக்குள் நாலு ஆணியும் நாலு கயிறும் கொடுத்திருப்பார்கள். மண் தரைக்கு அவை சரி. பேடாக் தரை தார் அல்லது கான்கிரீட்டாக இருந்தால் ஆணி இறங்காது. இறக்க முயன்றால் டிராக் நடத்துபவர்கள் உங்களை இறக்கிவிடுவார்கள். அதனால் காலுக்குத் தலா 20 கிலோவாவது எடை வேண்டும். மலிவான வழி, கைப்பிடி உள்ள 20 லிட்டர் ஜெர்ரி கேன்கள். காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம், கிளம்பும்போது கொட்டிவிடலாம். குடிதண்ணீர்க் கேனை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அதன் கழுத்தில் கட்டினால் கயிறு நழுவுகிறது, மூடியும் பிடுங்கிக்கொள்கிறது, எனவே வேண்டாம். சரக்கு ஏற்ற இன்னொரு வண்டி வருமென்றால், நாலு அங்குல பிவிசி பைப்பை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, கான்கிரீட் நிரப்பி, தலையில் ஒரு கொக்கி பதித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 கிலோ வரும், ஆயுசுக்கும் கிடக்கும்.

எடையைக் காலின் அடியில் மட்டும் கட்டுவது பாதி வேலைதான். கூரையின் மூலையில், காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்திலிருந்து ஒரு பெல்ட்டை இறக்கி எடையோடு இறுக்க வேண்டும். லாரியில் சரக்கை இறுக்கும் ராட்செட் பெல்ட் இதற்கு அருமையாகப் பொருந்தும். லாரி உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். கேன் தரையைத் தொட்டு நிற்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி, அதுவே காலை இழுக்கும். காரின் சக்கரத்தில் கட்டிவைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. டிராக்கில் ஓட்ட உங்கள் முறைக்கு அழைத்ததும் அவசரத்தில் காரைக் கிளப்பினால் கேனோபியும் பின்னாலேயே வரும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். விலை வித்தியாசம் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பைப் எத்தனை கேஜ் என்பது. 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2. காலுக்கு 18 கேஜுக்குக் குறைவாக எடுக்காதீர்கள். கேஜ் தெரியாது என்று சொல்பவரிடம் மொத்த எடையைக் கேளுங்கள். பத்துக்குப் பத்து ஸ்டீல் சட்டம் துணியோடு சேர்த்து 25 கிலோவுக்கு மேல் இருந்தால் நம்பிப் பார்க்கலாம். கத்தரி போல விரியும் குறுக்குச் சட்டங்களின் மூட்டுகளில் ரிவெட் அடித்திருக்கிறார்களா, போல்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போல்ட் என்றால் நாமே மாற்றலாம். மூலை மூட்டுகள் பிளாஸ்டிக்காக இருந்தால், தனியாக வாங்கக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உடையப்போவது அவைதான்.

அலுமினியம் என்ற பெயருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அறுகோண வடிவில் 40 அல்லது 50 மில்லிமீட்டர் கால் உள்ள அலுமினியச் சட்டம் உண்மையிலேயே நல்ல சரக்கு: துருப்பிடிக்காது, தூக்கவும் சுலபம். மாதாமாதம் போகிறவர்களுக்கு அது தகும். வருஷத்துக்கு நாலைந்து தடவை, நாலு பேர் சேர்ந்து தூக்குகிறவர்களுக்கு நடு விலை ஸ்டீலே போதும்.

அளவு விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கிறது. கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும் மாடல்களில் 'பத்துக்குப் பத்து' என்று எழுதியிருப்பது தரையில் கால் ஊன்றும் அளவு. மேலே துணி எட்டுக்கு எட்டுதான் இருக்கும். நூறு சதுர அடிக்குப் பதில் அறுபத்து நாலு! நேர்க்கால் மாடலே வாங்குங்கள்.

உங்கள் போலோ சுமார் 13 அடி நீளம். பத்தடிக் கூரைக்குள் அது அடங்காது. பத்துக்குப் பதினைந்து எடுத்தால் அடங்கும். ஆனால் இரண்டு பக்கக் கதவையும் திறந்தால் அகலம் பத்தடியைத் தாண்டும், அப்புறம் ஆள் உட்கார இடம் ஏது? என்னைக் கேட்டால் கார் வெளியே நிற்கட்டும், ஆட்களும் டயர்களும் உள்ளே இருக்கட்டும். டயரை ஏன் சேர்க்கிறேன் என்றால், உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் 30 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. போலக் கூடும். அடுத்த செட் டயர்களில் இரண்டு வெயிலிலும் இரண்டு நிழலிலும் கிடந்தால் நீங்கள் வைத்த பிரஷர் கணக்கு இரண்டு விதமாகிவிடும். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டும் ஓவராலும் போட்டு வேர்த்து வந்து உட்காரவும் நிழல் வேண்டும். காருக்கு ஸ்டியரிங் சுடும், அவ்வளவுதானே. பழைய பெட்ஷீட்டைப் போடுங்கள்.

வாங்கியவர்கள் பலர் பிறகுதான் கவனிப்பது இது. மதியம் நிழல் காலடியில் விழும். மூன்றரை மணிவாக்கில் சூரியன் பாதி உயரத்துக்கு இறங்கியதும், ஏழடி உயரக் கூரையின் நிழல் ஏழடி கிழக்கே தள்ளிப்போய்விடும். கூரைக்கு அடியில் மூன்றடிதான் மிஞ்சும். மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு தேவை. கேனோபியோடு தனி விலைக்கு விற்கும் பக்கத் துணியைக் கட்டினால் பாய்மரம் கட்டியதுபோல் காற்றைப் பிடிக்கும். அதற்குப் பதில் நாற்றுப் பண்ணைகளில் போடும் நிழல் வலையை வாங்கிக் கட்டுங்கள். விவசாயப் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வெயிலைத் தடுக்கும், காற்றை விட்டுவிடும்.

மடக்கினால் பெரும்பாலான மாடல்கள் ஐந்தடி நீளம் வரும். பின் சீட்டை மடித்துப்போட்டால் போலோவில் ஏறிவிடும். ஸ்பேர் டயர், ஜாக், டூல் பெட்டி எல்லாம் எங்கே என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். கேனோபிக்கு அடியில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்று ஏறுகிறது என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் மடக்கிவிடுங்கள்.

கேள்வி: கேனோபியின் சட்டம் நன்றாக இருக்கிறது, மேல் துணி மட்டும் இற்றுப்போய்விட்டது. புதுத் துணிக்குக் கம்பெனி கேட்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: தாராளமாக. பழைய துணியைக் கிழிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், அதுதான் அளவு. ஆனால் லாரிக்குப் போடும் கனத்த தார்ப்பாயையே போட்டுத் தைக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கனத்தைச் சட்டம் தாங்கினாலும், விரிக்கும்போது கத்தரிச் சட்டம் வளையும். கோட்டிங் உள்ள 600 டெனியர் (டெனியர் என்பது நூலின் கன அளவு) பாலியஸ்டர் துணி கேளுங்கள். மூலைகளில் இரட்டைத் துணி, காலில் சுற்றிக் கட்டும் வெல்க்ரோ, உச்சியில் சூடான காற்று வெளியேற மூடியோடு ஒரு திறப்பு, இந்த மூன்றையும் சொல்லித் தைக்கச் சொல்லுங்கள். தையல் ஓட்டை வழியாகத்தான் மழை ஒழுகும், அதனால் உள்பக்கம் டேப் ஒட்டச் சொல்லவும். நீல பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிச் சமாளிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டு பக்கத்துப் பேடாக்காரரின் பொறுமையையும் கிழிக்கும்.

கேள்வி: கறுப்பு கேனோபிதான் காருக்கு மேட்ச் ஆகிறது. சூடு அதிகமாக இருக்குமா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இருக்கும். உள்பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள துணி என்றால் பரவாயில்லை. மெல்லிய வெள்ளைத் துணியிலும் ஒரு குறை உண்டு, வெளிச்சம் ஊடுருவி வந்து கண் கூசும். கடையில் துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டம் தெளிவாகத் தெரிந்தால் எந்த நிறமானாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 25 கிலோ, 600 டெனியர் என்று போட்டிருந்த கேனோபியை வாங்கினேன். முதல் நாளே இரண்டு மூட்டுகள் முறிந்துவிட்டன. எடை போட்டுப் பார்த்தால் 17 கிலோதான். 'காற்றால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி இல்லை' என்று விற்பவர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: நீங்கள் மூட்டைப் பற்றிப் பேசப் பேச, அவர் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். பேச்சை எடைக்கு மாற்றுங்கள். 25 என்று விளம்பரப்படுத்தி 17 கொடுத்ததற்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

எடை மேடையில் நிறுத்து ரசீது வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு 25 என்பது மாறிவிடலாம். உடைந்த மூட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். முதலில் தளத்துக்கு எழுத்தில் புகார், அதற்கப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா சமயத்தில் காபித்தூள், மிளகு விற்க ஒரு சின்னக் கடை போடுகிறோம். மருமகன் ரேஸுக்கு வாங்கிய கேனோபி சும்மா கிடக்கிறது, அதையே போடலாமா? மழைக்குத் தாங்குமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: போடலாம் அம்மா. உங்கள் ஊரில் வெயிலைவிட மழைதான் தொல்லை. துணி தொய்வாக இருந்தால் ஓரங்களில் தண்ணீர் குளம்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே 10 கிலோ, சட்டம் அங்கேதான் மடங்கும். ஒரு பக்கத்து இரண்டு கால்களை ஒரு துளை கீழே இறக்கி வையுங்கள், தண்ணீர் தானாக ஓடிவிடும். அந்தப் பக்கம் வாடிக்கையாளர் நிற்காத பக்கமாக இருக்கட்டும்.

மண் தரையாக இருந்தால் ஆணி அடிக்கலாம், ஆனால் பெட்டியில் வரும் ஆணி நனைந்த மண்ணில் நிற்காது. ஒன்றரை அடி நீளக் கம்பியை வெட்டி, கேனோபிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். கம்பியின் தலையில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். ராத்திரி கடையை மூடியதும் கூரையை விரித்தபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரத்தோடு பைக்குள் திணிக்கவும் வேண்டாம், இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். மருமகனிடம் அந்த நாலு ஜெர்ரி கேன்களையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.