வகுப்பில் அசத்தும் டெரியர், ரிங்குக்குள் ஏன் மாறிவிடுகிறது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எங்கள் கெயின் டெரியர் மிளகுக்கு இரண்டரை வயது. ஒன்றரை வருடமாக ஒபீடியன்ஸ் (கீழ்ப்படிதல்) வகுப்புக்குப் போகிறோம், அங்கே எல்லாவற்றையும் அழகாகச் செய்கிறான். ஆனால் ஏ.கே.சி. (அமெரிக்கன் கெனல் கிளப்) நடத்தும் நோவிஸ் என்ற ஆரம்ப நிலைப் போட்டியில் இரண்டு தடவை கலந்துகொண்டும் தேறவில்லை. முதல் தடவை லீஷைக் கழற்றியதும் புல்லை முகர்ந்துகொண்டே என்னைவிட்டுப் போய்விட்டான். அடுத்த தடவை "வா" என்று கூப்பிட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "டெரியருக்கு இது ஒத்துவராது, ஒரு கோல்டன் ரெட்ரீவர் வாங்குங்கள்" என்கிறார் பயிற்சியாளர். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். மிளகுக்கு வேலை தெரியும். ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், அந்த வேலையை எதற்காகச் செய்யவேண்டும் என்பதைத்தான் அவனுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது வருடமாக டெரியர்களோடு போட்டிகளுக்குப் போய்வருகிறேன். வகுப்பில் அசத்திவிட்டு ரிங்குக்குள் கைவிடுவதை என் நாய்களிடமே பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த "ஒத்துவராது". இந்தப் போட்டியே அப்படி ஒரு பேச்சுக்குப் பதிலாகப் பிறந்ததுதான். பூடில் என்றால் முடி வெட்டி அலங்கரித்து நிறுத்துவதற்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்த காலத்தில், ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பூடில் வளர்ப்பாளர் 1933-ல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் அமெரிக்காவின் முதல் ஒபீடியன்ஸ் போட்டியை நடத்தினார். 1936-ல் அமெரிக்கன் கெனல் கிளப் அதற்கு முறையான விதிகளைக் கொண்டுவந்தது. டெரியர் வேலைக்கு ஆகாது என்பதும் சரியில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக எட்வின் ரிச்சர்ட்சன் ஷூபரினஸில் நடத்திய பள்ளியில் ஏர்டேல் டெரியர்களைச் செய்தி கொண்டுபோகப் பழக்கினார்கள். குண்டு விழும் நிலத்தில், பக்கத்தில் ஆளே இல்லாமல், தானாக வழி பிடித்து வந்து சேரவேண்டிய வேலை அது.

தானாக முடிவெடுக்கும் அந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் டெரியர் என்ற பெயரே வந்தது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கற்குவியலைக் கெயின் என்பார்கள். அதன் இடுக்குகளில் ஒளியும் நரியையும் நீர்நாயையும் தேடி உள்ளே போன நாய்களின் வம்சம் உங்கள் மிளகு. பொந்துக்குள் போன நாய் எஜமானின் முகத்தைப் பார்த்து யோசனை கேட்க முடியாது. ஆட்டு மந்தை மேய்த்த நாய் ஆள் முகத்தைப் பார்த்தே வளர்ந்தது, டெரியர் தரையைப் பார்த்து வளர்ந்தது. அதனால் லீஷை வெடுக்கென்று இழுத்துத் திருத்துவதும், ஒரே பயிற்சியை இருபது தடவை திரும்பச் செய்யவைப்பதும் இதனிடம் எடுபடாது. ஒன்று எதிர்த்து நிற்கும், இல்லையென்றால் உள்ளுக்குள் சுருங்கிவிடும். நாலு நிமிடப் பயிற்சி, ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதுவும் அவன் "இன்னும் வேண்டும்" என்று துள்ளும்போதே நிறுத்திவிடுவது. இது போதும்.

சரி, புல்லை முகர்ந்த கதைக்கு வருவோம். முகர்வதில் இரண்டு வகை உண்டு. வால் நிமிர்ந்து, காது விறைத்து, ஒரு கோட்டைப் பிடித்தபடி விறுவிறுவென்று போனால் அது வேட்டை. அங்கே அணிலோ முயலோ நடந்திருக்கிறது. வால் தாழ்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டு, எதையும் குறிப்பாகத் தேடாமல் மூக்கைத் தரையில் வைத்திருந்தால் அது பதற்றம். போட்டி வீடியோ இருந்தால் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வேட்டையாக இருந்தால் அந்த முகர்தலையே கூலியாகக் கொடுங்கள். நீளமான கயிற்றில் கட்டி, புல்வெளிக்குக் கூட்டிப்போய், பத்து அடி தூரம் உங்கள் இடது காலோடு ஒட்டி, கண்ணைப் பார்த்தபடி நடந்தால் "போ, முகர்" என்று அவிழ்த்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டு மறுபடியும் நடை. நாய் அதிகம் விரும்பும் செயலை, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைப்பதை உளவியலில் பிரீமாக் விதி என்பார்கள். நம் வீடுகளில் வீட்டுப்பாடம் முடித்தால்தான் விளையாட்டு என்று சொல்வதும் இதேதான். சில வாரங்களில், முகர்வதற்கான வழி உங்கள் வழியாகத்தான் என்பது அவனுக்குப் பிடிபடும்.

பதற்றமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ரிங்கின் அமைதிதான். யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு பிஸ்கட், "சபாஷ்", "நல்ல பையன்". போட்டியில் ரிங்குக்குள் தின்பண்டமோ பொம்மையோ கொண்டுபோக முடியாது. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது கட்டளையைத் தவிர வேறெதுவும் பேசவும் கூடாது. உங்கள் கை நடுங்குகிறது, மூச்சு மாறுகிறது, ஒன்றரை வருடமாகப் பேசிக்கொண்டே இருந்த நீங்கள் திடீரென்று ஊமையாகிவிட்டீர்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் அவன் நினைப்பான். என் முதல் டெரியர் இப்படித்தான் என்னை விட்டு ஒதுங்கினாள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கடுமையைக் கூட்டி, ஒரு முழு வருடத்தை வீணாக்கினேன். இன்னமும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதைச் சரிசெய்வது சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். மிளகுக்கு உயிரான ஒன்றை, வேகவைத்த கோழியோ பாலாடைக்கட்டியோ, மூடி போட்ட டப்பாவில் வைத்து ஒரு நாற்காலியில் வையுங்கள். டப்பாவை அவனுக்குக் காட்டிவிட்டு, வெறும் கையோடு ஐந்து அடி தள்ளிப் போய், இரண்டே இரண்டு எட்டு எடுத்துவைத்து ஹீல் நடை (உங்கள் இடது காலோடு ஒட்டி நடப்பது). செய்ததும் "வா போகலாம்!" என்று இருவரும் சேர்ந்து டப்பாவுக்கு ஓடுங்கள். அடுத்த நாள் ஐந்து எட்டு, அப்புறம் ஒரு திருப்பம், அப்புறம் ஒரு முழுப் பயிற்சி. கையில் எதுவும் இல்லை, பேச்சும் இல்லை, ஆனால் டப்பா நிச்சயம் என்று அவன் நம்ப ஆரம்பிக்கும்போது, ரிங்கின் அமைதி அவனுக்கு நல்ல சேதியாகிவிடும். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாராட்டவும் தட்டிக்கொடுக்கவும் விதி இடம் தருகிறது. பலர் அதைப் பயன்படுத்தாமல் விறைப்பாக நின்றே கழிக்கிறார்கள். உங்கள் உள்ளங்கையை மூக்கால் இடிப்பது மாதிரி ஒரு சின்ன விளையாட்டை அந்த இடைவெளிகளுக்கென்றே பழக்கிவையுங்கள்.

இப்போது "வா". நோவிஸில் நாயைச் சுமார் முப்பது அடி தள்ளி உட்காரவைத்துவிட்டு, நடுவர் சொன்னதும் ஒரே தடவைதான் கூப்பிட முடியும். இரண்டாவது தடவை கூப்பிட்டால் அந்தப் பயிற்சியில் தேற முடியாது. மிளகு உங்களை மதிக்காமல் உட்கார்ந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்புகளில் "உட்கார்ந்தே இரு" என்பதைத்தான் அதிகம் பயிற்றுவிப்பார்கள், அசையாமல் இருந்ததற்கே பரிசும் கொடுப்பார்கள். அவன் அந்தப் பாடத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறான். அடுத்த ஒரு மாதம் முறைப்படியான பயிற்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் யாரையாவது அவன் மார்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் அவன் கண்ணெதிரே ஓடுங்கள். அவன் திமிறும்போது ஒரே ஒரு "மிளகு, வா!". பிடித்தவர் விட்டுவிட வேண்டும். வந்து சேர்ந்ததும் துணிக்கயிற்றை இழுத்து விளையாடுங்கள், டெரியருக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. அந்த ஓட்டம் வெறியாகவே மாறிய பிறகுதான் உட்காரவைத்துக் கூப்பிடுவதற்குத் திரும்பவேண்டும். அப்போதும் பத்தில் மூன்று தடவைக்கு மேல் கூப்பிடாதீர்கள், மற்ற நேரம் நீங்களே திரும்பி அவனிடம் போங்கள். இல்லாவிட்டால் கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். இன்னொன்று, போட்டியில் உங்கள் குரல் இறுகிவிடும். அந்த இறுகிய, உணர்ச்சியில்லாத குரலிலும் வீட்டில் கூப்பிட்டுப் பழக்குங்கள்.

குட்டையான நாய்க்கு ஹீல் பழக்குகிறவர்கள் குனிந்து குனிந்து நடப்பார்கள். உங்கள் தோள் இடப்பக்கம் சாய்ந்தால் நாய் விலகித்தான் போகும். நீளமான மரக்கரண்டி நுனியில் கடலை வெண்ணெய் தடவி, உங்கள் கால்சட்டைத் தையலையொட்டி அவன் வாய் உயரத்தில் பிடித்து, நிமிர்ந்து நடங்கள். அந்த வெண்ணெயில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கப்படவில்லை என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், நாய்களுக்கு அது விஷம். உட்காரும்போது தயங்கினாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ முதலில் கால்நடை மருத்துவரிடம் முழங்கால் சில்லைக் காட்டுங்கள். சின்ன டெரியர்களுக்கு அது நழுவும் தொந்தரவு உண்டு. வலியோடு இருக்கும் நாயைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

இப்போதைக்கு நோவிஸுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். மொத்தம் 200 மதிப்பெண்ணில் 170, அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்கினால்தான் அன்றைக்குத் தேர்ச்சி. அப்படி மூன்று தடவை தேறினால் சி.டி. (கம்பேனியன் டாக்) பட்டம். அந்த வேலிக்கு முன்னால் இரண்டு சின்னப் படிகள் இருக்கின்றன. பிகினர் நோவிஸில் நடைப் பயிற்சி லீஷோடுதான், நடுவில் உற்சாகப்படுத்தவும் கொஞ்சம் இடமுண்டு. ராலி என்பது வழியில் வைத்திருக்கும் பலகைகள் சொல்வதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும் போட்டி, அதில் நாயோடு பேசிக்கொண்டே போகலாம், 100-க்கு 70 வாங்கினால் போதும். டெரியரோடு புதிதாக வருகிற எல்லோரையும் நான் முதலில் ராலிக்குத்தான் அனுப்புவேன். கிளப்புகள் நடத்தும் பயிற்சிப் போட்டிகளில், மெய்யான ரிங், மெய்யான நடுவர் மாதிரியான ஆள், ஆனால் மதிப்பெண் பட்டத்துக்குச் சேராது. அங்கே போய் டப்பா விளையாட்டை விளையாடுங்கள்.

கூடவே, மாதம் ஒரு தடவையாவது அவன் பிறவி வேலையையும் செய்யவிடுங்கள். எர்த்டாக் சோதனையில் மண்ணுக்கடியில் மரச்சுரங்கத்துக்குள் போய், கூண்டில் பத்திரமாக இருக்கும் எலியைத் தேடிப் பிடிக்கவேண்டும். முதல் படியில் பத்து அடிச் சுரங்கமும் ஒரு திருப்பமும், ஜூனியரில் முப்பது அடியும் மூன்று திருப்பங்களும். இதனால் ரிங்கில் இன்னும் அதிகமாக முகர்வான் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் பார்த்ததெல்லாம் நேர்மாறு. மனநிறைவோடு இருக்கும் டெரியருக்குத்தான் உங்கள் முகத்தைப் பார்க்கப் பொறுமை இருக்கிறது.

கட்டளைகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தடையில்லை. சுற்றியிருக்கிற எல்லோரும் "கம்" என்று கத்தும் கூடத்தில் உங்கள் "வா" அவனுக்கு மட்டுமே உரியதாக இருக்கும். டப்பா விளையாட்டில் நான்கு நிமிடம், பேச்சில்லாமல், புது இடத்தில், அவன் வால் நிமிர்ந்தபடி வேலை செய்கிறானா பாருங்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் அது நடந்துவிட்டால் அந்த வாரமே ராலிக்குப் பெயர் கொடுக்கலாம்.