சிவனொளிபாத மலை: ஏறும்போது வராத முழங்கால் வலி இறங்கும்போது ஏன் வருகிறது?

இலங்கையிலுள்ள இந்த மலைக்கு, அடிவார ஊரான நல்லதண்ணி வழியில் 5,000-க்கும் மேற்பட்ட படிகள். உச்சி 2,243 மீட்டர். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தொடைக்குச் சோதனை இறக்கத்தில்தான். ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தடுத்து நிறுத்த, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டும். அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அந்தத் தசைவலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். முழங்கால் வலி அப்படியல்ல. தொடை களைத்ததும் சுமை மூட்டுக்குப் போவதால், அது வழியிலேயே தொடங்கிவிடும்.

ஓடி இறங்காதீர்கள், படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை. முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் பதிய மெல்ல இறங்குங்கள். ஒரு மாதம் முன்பே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள்; ஏறிப் பழகுவது மட்டும் போதாது. விடியலுக்காக உச்சியில் காத்திருக்கும்போது வியர்த்த சட்டையை மாற்றிவிடுங்கள். குளிரில் விறைத்த காலோடு இறங்குவது மிக மோசம்.