மக்னீசியம் மாத்திரையும் அம்மாவின் மறதியும்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சில மாதங்களாக மறதி கூடியிருக்கிறது, நடையிலும் தடுமாற்றம். மக்னீசியம் மூளையை இளமையாக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு அண்ணன் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். பிரஷருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அம்மா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார். உப்பை அறவே விட்டுவிட்டார். கொடுக்கலாமா?
சு., விருதுநகர்

அன்புள்ள சு.,

இப்போதைக்கு வேண்டாம். அந்தச் செய்திக்கு அடிப்படை, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனில் சுமார் 6,000 பேரைப் பார்த்தார்கள். நாளுக்கு 550 மி.கி.க்கு மேல் மக்னீசியம் உண்டவர்களின் மூளை, 350 மி.கி. உண்டவர்களுடையதைவிட 55 வயதில் ஏறத்தாழ ஓராண்டு இளமையாக இருந்தது. கணக்கிட்டது உணவில் வந்த மக்னீசியத்தை. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருக்கும். பெருமை முழுவதும் மக்னீசியத்துக்கே என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது உப்புதான். பிரஷர் மாத்திரையின் அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை சிறுநீர் வழியே சோடியத்தை வெளியேற்றுபவை. கூடவே சாப்பாட்டில் உப்பில்லாமல், தண்ணீரும் நிறையக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம். வயதானவர்களுக்கு அது மறதியாக, தடுமாற்றமாக, கீழே விழுவதாக வெளிப்படும். 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சரிசெய்யக்கூடிய மறதி இது! ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ உப்பைக் கூட்டவோ வேண்டாம். திடீரென்று குழப்பமாகப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் மக்னீசியமும் பி12-உம் குறையலாம். எனவே டாக்டரிடம் சொல்லி சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின், பி12, தைராய்டு எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் முக்கியம்: சிறுநீரகம் பலவீனமானால் மக்னீசியம் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். மக்னீசியம் குறைவு என்று தெரிந்தால், அளவை டாக்டர் சொல்லட்டும்.

உணவில் கூட்டத் தடையில்லை, சிறுநீரகம் சரியாக இருந்தால். பட்டை தீட்டிய பச்சரிசி 100 கிராமில் சுமார் 20 மி.கி.தான், கம்பு, கேழ்வரகில் 120-க்கு மேல். மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் உடம்பில் நன்றாகச் சேரும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

அண்ணன் அடுத்து 'லோ சோடியம்' உப்பு வாங்கி வந்தால் அதையும் தடுங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குலையலாம்.