மரபணு பற்றிக் கேட்டீர்கள்: புல்மோட்டை மணல் முதல் கோட்டை மான் வரை

மரபணு, விகாரம் (டி.என்.ஏ.யில் ஏற்படும் மாற்றம்) பற்றி வரும் கேள்விகளில் சில பயத்தில் எழுதப்பட்டவை, சில ஆர்வத்தில் எழுதப்பட்டவை. எதுவானாலும் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் தெரிந்தால்தான், நாளைக்கு யாராவது புதுக்கதை ஒன்றோடு வரும்போது நீங்களே எடைபோட்டுப் பார்ப்பீர்கள். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளும்.

கேள்வி: உடலின் எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது என்று படித்தோம். அப்படியென்றால் ஈரல் கலமும் நரம்புக் கலமும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன? தேவையில்லாத மரபணுக்கள் அழிந்துவிடுமா?
– உயர்தர மாணவி, உவர்மலை

அழிவதில்லை, பிள்ளை. ஒருசில விதிவிலக்குகள் உண்டு. முதிர்ந்த செங்குருதிக் கலம், டி.என்.ஏ. இருக்கும் தன் கருவையே வெளியே தள்ளிவிடும். ஆனால் பொதுவிதி, எல்லாம் உள்ளேயே இருக்கும் என்பதுதான். இதைக் காட்டியவர் ஜோன் கேர்டன். வாற்பேயின் குடற் கலத்திலிருந்து கருவை எடுத்து, கரு நீக்கிய தவளை முட்டைக்குள் வைத்தார். பெரும்பாலான முட்டைகள் இடையிலேயே நின்றுபோயின. ஆனால் சில நீந்தித் திரியும் வாற்பேய்களாக வளர்ந்தன. குடற் கலத்துக்குள் கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய மரபணுக்கள் இருந்திராவிட்டால் அந்தச் சிலவும் வளர்ந்திருக்க முடியாது. 1962இல் வந்த இந்த வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது 2012இல்.

சரி, எல்லாம் இருக்கிறது. எது வேலை செய்ய வேண்டும் என்று யார் சொல்வது? ஈ. கோலை பற்றீரியா, இலக்டோசு கிடைக்கும்போதுதான் அதை உடைக்கும் நொதியத்தைச் செய்யும். பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மொனோவும் கையில் எடுத்தது, இலக்டோசு இல்லாவிட்டாலும் எந்நேரமும் நொதியத்தைச் செய்துகொண்டே இருக்கும் விகாரிகளை. அந்த விகாரிக்குள் பழுதில்லாத மரபணுப் பிரதி ஒன்றையும் புகுத்தினார்கள். நொதியம் நின்றது! ஆகவே பழுதில்லாத பிரதி ஏதோ ஒரு பொருளைச் செய்து கலத்துக்குள் விடுகிறது, அது போய் மற்ற மரபணுவை அடக்குகிறது. 1961இல் இந்தத் தர்க்கத்தை எழுதினார்கள். அந்த அடக்கிப் புரதத்தை ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்தது 1966இல்தான். இந்த இலக்டோசு மரபணுத் தொகுதியைக் காட்டும் லாக் ஒப்பெரோன் படத்தை மனனம் செய்யாதீர்கள். இந்த இரு பிரதிப் பரிசோதனையை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள், படம் தானாக மனதில் நிற்கும்.

கேள்வி: பி.சி.ஆர். சோதனையில் பயன்படும் நொதியம் வெந்நீரூற்றுப் பற்றீரியாவிலிருந்து வந்ததாம். நம்முடைய கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் அது இருக்குமா?
– வாசகர், சாம்பல்தீவு

அந்தப் பற்றீரியா கன்னியாவில் சுகமாக இராது. தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற அது 70 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்றாக வளரும். கன்னியா நீர் நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றக்கூடிய சூடு, 40 பாகையை ஒட்டியது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில் 1960களில் தோமஸ் புரொக் அதைக் கண்டெடுத்தார். டி.என்.ஏ.யைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளைப் பிரிக்க 95 பாகை வரை சூடாக்குவார்கள். சாதாரண நொதியம் அதில் கெட்டுப்போகும், இது தாங்கும். கன்னியாவில் வேறு நுண்ணுயிர்கள் நிச்சயம் உண்டு, அவற்றின் டி.என்.ஏ.யைப் படிப்பது நல்லதொரு மாணவர் ஆய்வாக அமையும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கனிய மணலில் கதிர்வீச்சு இருக்கிறது, அதனால் பிறக்கும் பிள்ளைகளின் மரபணு கெட்டுவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். என் மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. இதில் உண்மை எவ்வளவு?
– வாசகர், புல்மோட்டை

தம்பி, முதலில் உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள்: இந்த அளவு இயற்கைக் கதிர்வீச்சால் பிள்ளைகள் குறையோடு பிறப்பதாகக் காட்டும் சான்று இல்லை. இனி விளக்கத்துக்கு வருவோம்.

கதிர்வீச்சு விகாரத்தை உண்டாக்கும் என்பது மெய்தான். 1927இல் ஹேர்மன் மல்லர் பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் கொடுத்துக் காட்டினார். அவர் செய்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் நிறமூர்த்தம்; அதில் எக்ஸ் என்பது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. கதிர் பட்ட ஆண் ஈயின் எக்ஸ் நிறமூர்த்தம் அதன் மகள் ஈக்குப் போகும். அந்த மகளிடம் இருக்கும் மற்ற எக்ஸ், ஆண்களைக் கொல்லும் ஒரு மரபணுவை ஏற்கெனவே சுமப்பதாக மல்லர் ஏற்பாடு செய்திருந்தார். இப்போது தகப்பனிடமிருந்து வந்த எக்ஸிலும் உயிர்கொல்லி விகாரம் ஏற்பட்டிருந்தால், அவளுக்குப் பிறக்கும் மகன்கள் எந்த எக்ஸைப் பெற்றாலும் சாவார்கள். ஆகவே ஒவ்வொரு மகளையும் தனித்தனிப் போத்தலில் விட்டுச் சில நாள் பொறுத்தால் போதும். ஒரு போத்தலைத் தூக்கிப் பார்க்கிறார்: உள்ளே பறப்பது முழுக்கப் பெண் ஈ. அது ஒரு விகாரம். எண்ணிக்கொண்டே போனார். கடும் கதிர் பட்ட ஈக்களில் விகாரம் நூறு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

ஆனால் 'கடும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அளவுதான் இங்கே எல்லாம். புல்மோட்டை மணலில் பெரும்பகுதி இல்மனைட், கூடவே ரூட்டைல், சேர்க்கோன். கதிர்வீச்சு விடும் தோரியம் உள்ள மோனசைட் சிறிதளவுதான். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் மோனசைட் மிக அதிகம், மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை 1940களின் பிற்பகுதியிலிருந்து கவனித்துவருகிறார்கள். அங்கேயும் தாய் தகப்பன் பட்ட கதிரால் பிறவிக்குறை கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, அதே கேரளக் கரையில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் இழைமணி டி.என்.ஏ.யைப் படித்தது. கதிர்வீச்சு கூடிய இடத்துக் குடும்பங்களில் ஒற்றை எழுத்து மாற்றங்கள் அதிகமாக இருந்தன. மாற்றம் இருந்தது, நோய் இருக்கவில்லை. விகாரம் என்றாலே நோய் என்று நினைப்பதுதான் இங்கே மூலக் குழப்பம். உங்கள் பிள்ளை மட்டுமல்ல, எந்த ஊரில் பிறக்கும் எந்தப் பிள்ளையும் பெற்றோரிடம் இல்லாத புது விகாரங்கள் 60, 70 அளவில் கொண்டுதான் பிறக்கும். டி.என்.ஏ.யில் எழுத்துகள் 300 கோடிக்கும் மேல். புரதத்துக்கான குறியீடு அதில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பெரும்பாலான மாற்றங்கள் யாருக்கும் தெரியாமலே கிடந்துவிடும்.

ஆகவே உங்கள் மனைவி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகட்டும், போலிக் அமிலக் குளிசையைத் தவறவிடாமல் எடுக்கட்டும். அதில் பலன் நிச்சயம்.

கேள்வி: மகாவலி பெருகினால் பெரும்போகப் பயிர் கிழமைக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கிறது. வெள்ளம் தாங்கும் நெல்லை மரபணு மாற்றித்தான் செய்கிறார்களா?
– விவசாயி, மூதூர்

இல்லை ஐயா, அந்த மரபணு நெல்லிலேயே இருந்தது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த எப்.ஆர்.13ஏ, முழுக்க மூழ்கினாலும் இரண்டு கிழமை அளவில் தாங்கும். அதை மூழ்கினால் செத்துப்போகும் நெல்லோடு கலந்து, பிறந்த பயிர்களில் எது பிழைக்கிறது, பிழைத்தவை எல்லாவற்றுக்கும் பொதுவான டி.என்.ஏ. துண்டு எது என்று தேடி, 1996இல் ஒன்பதாம் நிறமூர்த்தம் வரை வந்தார்கள். 2006இல் மரபணுவே கையில் கிடைத்தது. சப்1ஏ என்று பெயர். அதை வெள்ளம் தாங்காத நெல்லுக்குள் வைத்ததும் அதுவும் தாங்கியது. இந்தக் கடைசிப் படிதான் சாட்சி. அதற்கு முன் இருந்ததெல்லாம் சந்தேகம்.

சப்1ஏ நேரடியாக எந்த வேலையும் செய்வதில்லை, மற்ற மரபணுக்களுக்கு உத்தரவு கொடுக்கிறது. சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சுக்காக மேலே எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டும். அதற்குள் சேமித்த மாப்பொருள் தீர்ந்துவிடும், வெள்ளம் வடிந்ததும் சாய்ந்து விழும். சப்1ஏ உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பொறுத்துக் கிடக்கும். தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் இடங்களின் ஆழ்நீர் நெல்லில் இதற்கு நேர்மாறு. 2009இல் கண்டறிந்த ஸ்நோர்க்கல் மரபணுக்கள் அதை நீளச் சொல்கின்றன. இவையும் சப்1ஏயும் ஒரே குடும்பத்துச் சீராக்கிகள் என்பது என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

இந்தியாவின் சுவர்ணா நெல்லுக்குள் சப்1ஏயைக் கொண்டுவந்தது, தொடர்ந்து கலப்புச் செய்து ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளின் டி.என்.ஏ.யைப் பார்த்துத் தெரிவு செய்யும் முறையில்தான். உங்கள் வயலைப் பொறுத்தவரை ஒன்று: பயிர் இளசாக இருக்கும்போது வந்து இரண்டு கிழமைக்குள் வடியும் வெள்ளத்துக்குத்தான் இது கைகொடுக்கும். கதிர் வரும் நேரத்து வெள்ளத்துக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு என் அண்ணனின் மகனைப் பேசியிருக்கிறோம். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்குத் தலசீமியா வரும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டிலும் யாருக்கும் அப்படி இல்லை. பயப்பட வேண்டுமா?
– ஒரு தாய், திருகோணமலை நகர்

அம்மா, தலசீமியா என்பது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைச் செய்யும் மரபணு பழுதாவதால் வரும் நோய். சொந்தம் அதை உண்டாக்காது. மறைந்து கிடக்கும் விகாரம் இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பைத்தான் அது கூட்டுகிறது. மச்சான் மச்சாளுக்குப் பாட்டன் பாட்டி ஒன்று. அதனால் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது.

ஆனால் "யாருக்கும் இல்லை" என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி. அவர் ஆயுள் முழுக்க நல்ல சுகமாக இருப்பார். இருவரும் காவியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே மகளும் மருமகனும் நாள் குறிக்குமுன் முழுக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். செங்குருதிக் கலங்கள் வழமையைவிடச் சிறிதாக இருந்தால், ஈமோகுளோபின் ஏ2 அளவைப் பார்ப்பார்கள். நூற்றுக்கு 3.5க்கு மேல் போனால் பீட்டா தலசீமியாக் காவி என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவிலும் கலங்கள் சிறுக்கும், ஆகவே அறிக்கையை நீங்களே வாசித்து முடிவெடுக்காமல் வைத்தியரிடம் கொடுங்கள். ஈமோகுளோபின் ஈ என்ற வகையையும் கேட்டுப் பாருங்கள், நம் நாட்டில் அதுவும் உண்டு. ஒருவர் அதற்கும் மற்றவர் பீட்டாவுக்கும் காவியானாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். அந்நியத்தில் கட்டுகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். சொந்தம் இல்லை என்பதற்காகச் சோதிக்காமல் விட்டுப் பிறகு மாதாமாதம் குருதி ஏற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. குருநாகலில் இதற்கென்றே தேசிய மையம் இயங்குகிறது.

இலங்கையில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா விகாரம் ஒற்றை எழுத்து: மரபணுவின் முதலாவது இடைத்துண்டில், ஐந்தாவது எழுத்தான ஜீ, சீ ஆகிவிட்டது. அந்தத் துண்டு புரதத்தில் சேர்வதே இல்லை, வெட்டி வீசப்படுவது. பிறகு ஏன் இவ்வளவு கேடு? துணியில் தையற்காரர் போட்ட வெட்டுக்கோடு அழிந்துபோனால் கத்தரிக்கோல் வேறு இடத்தில் விழுமே, அதுதான். 1980களின் தொடக்கத்தில் நோயாளிகளின் மரபணுவைப் பிரித்து, வளர்ப்புக் கலங்களுக்குள் விட்டு, வரும் ஆர்.என்.ஏ.யை அளந்து பார்த்துத்தான் இதைப் பிடித்தார்கள். சரியாக வெட்டுப்பட்டது மிகக் குறைவு, பிழையாக வெட்டுப்பட்டவை பல.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தலசீமியாப் பிள்ளை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கருவில் இருந்த வேறு ஈமோகுளோபின் சில மாதம் தாங்கிப் பிடிக்கும், பிறகு அந்த மரபணு அடங்கிவிடும். அதை அடக்குவது பி.சி.எல்.11ஏ என்ற புரதம் என்று 2008இல் உறுதியானது. சிலருக்குப் பெரியவர்களான பிறகும் கரு ஈமோகுளோபின் ஏன் நிறைய இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது கிடைத்த தடயம் அது. குருதிக் கலத்தில் மட்டும் அந்த அடக்கியைத் தணிக்கும்படி டி.என்.ஏ.யைத் திருத்தும் சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 20 லட்சம் டொலருக்கு மேல். நம் பிள்ளைகளுக்கு எட்டும் விலைக்கு அது வர வேண்டும் என்பது என் பெரும் ஆசை. அதுவரை, அந்தச் சிறிய குருதிப் பரிசோதனைதான் நம் கையில் இருக்கும் வழி.

கேள்வி: கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– 9ஆம் வகுப்பு மாணவன், திருகோணமலை

நல்ல கேள்வி தம்பி. மானைப் பிடிக்கவோ குத்தவோ தேவையில்லை, புழுக்கை போதும். அதன் வெளிப்பூச்சில் மானின் குடற் கலங்கள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி டி.என்.ஏ. எடுத்து, மானுக்கு மான் நீளம் மாறும் சில துண்டுகளை பி.சி.ஆரில் பெருக்குவார்கள். ஒவ்வொரு மானுக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. பல துண்டுகளில் இரண்டும் ஒரே நீளமாகவே வந்தால், நெருங்கிய சொந்தத்துக்குள் இனம் பெருகுகிறது என்று சந்தேகிக்கலாம். காட்டு மான்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்.

புளோரிடாவின் பூமா இனம் இப்படிச் சுருங்கி, வால் நுனி வளைந்து, இதயக் குறைகளோடு பிறக்கத் தொடங்கியது. 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகளில் அந்தக் குறைகள் குறைந்தன, எண்ணிக்கையும் கூடியது.

நீ செய்து பார்க்க விரும்பினால் விஞ்ஞான ஆசிரியரிடம் சொல்லு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இரண்டுக்கும் அனுமதி எடுத்துத்தான் தொடங்க வேண்டும். புழுக்கையைக் கையுறை போட்டு, அன்று காலை விழுந்ததாகப் பார்த்து எடு. வெயிலில் கிடந்ததில் டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கும்.