தேங்காய் மட்டையும் திரும்பாத சாம்பல் சத்தும்: கேள்வி பதில்

சுழற்சிப் பொருளாதாரம் (கழிவையும் மறுபடி பொருளாக்கிப் பயன்படுத்துவது), உயிரிப் பொருளாதாரம் (தாவரம் போன்ற உயிர்ப்பொருள்களை மூலப்பொருளாகக் கொள்வது) என்று பொதுப்படப் பேசுவதைவிட ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பேசுவது நல்லது. பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளிலும் நார் ஆலைகளிலும் நான் தொடர்ந்து பார்த்துவரும் தேங்காய் மட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மட்டை எப்படி உதாரணம் ஆகும்? (கல்லூரி மாணவி)

மட்டையை அடித்துப் பிரித்தால் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நார், மீதி 70 சதவீதம் தூள். பல ஆண்டுகள் நாருக்கு மட்டுமே விலை இருந்தது. லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள் மிகுந்த அந்தத் தூள் எளிதில் மக்காது. மஞ்சி மில்கள் எனப்படும் நார் ஆலைகளின் ஓரத்தில் குன்றாகக் குவிந்து, கோடையில் தீப்பிடித்துப் புகையும். அதே தூள்தான் இன்று கட்டியாக அழுத்தப்பட்டு, செடி வளர்க்கும் ஊடகமாகக் கப்பலேறுகிறது. ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் அது, சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுக்கும் பீட் என்ற பாதி மக்கிய தாவரப் படிவுக்கு மாற்றாக நிற்கிறது. பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உருவாகிறது. தோண்டினால் அதில் அடங்கிய கரிமம் காற்றில் கலக்கிறது. தென்னையோ ஆண்டு முழுவதும் காய்க்கிறது.

மாடித்தோட்டத்தில் தனி நார்த்தூளில் வைத்த கத்தரி மஞ்சளாகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம் அம்மா. ஒன்று உப்பு: மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம். கட்டியை ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் காபி டிகாக்‌ஷன்போல வரும். நிறம் வெளுக்கும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். தூளோடு ஒட்டிக்கொண்ட உப்பு வெறும் நீரில் முழுவதும் போகாது. ஏற்றுமதி செய்பவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அதை வெளியேற்றுகிறார்கள். இன்னொன்று தழைச்சத்து: மக்காத தூளில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மண்ணும் தொழு உரமும் கலந்து வையுங்கள்.

மட்டையை ஆலைக்கு விற்றால் கைக்காசு. தோப்பில் போடச் சொல்கிறார்கள். எது சரி? (ஆனைமலைப் பக்கத்து விவசாயி)

எல்லாவற்றையும் விற்காதீர்கள் ஐயா. காய்க்குப் போகும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும் பங்கு மட்டையில்தான் இருக்கிறது. மட்டை லாரி ஏறும்போது அதுவும் போகிறது. பிறகு நீங்கள் மூட்டையில் வாங்கும் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. அதே பொட்டாசியத்தை ஆலையில் தூளை அலசி, கழிவு என்று வெளியே விடுகிறார்கள். இந்த இடத்தில் சுழற்சி அறுந்துபோகிறது. ஏற்றுமதி வருமானத்தைக் காட்டி இதைப் பசுமைத் தொழில் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

மட்டைகளில் ஒரு பங்கையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் வட்டக் குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண்ணால் மூடுங்கள். மழை நீரைப் பிடித்துவைக்கும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பலன் தரும். பாத்தியில் மூடாக்காகப் போடுவதானால் திருப்பிப் போட வேண்டும், மேடான பக்கம் மேலே.

ஆலை வந்த பிறகு எங்கள் கிணற்று நீர் பழுப்பாகிவிட்டது. இதுதான் நிலைத்த வளர்ச்சியா?

இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. தூளை வெறும் மண்தரையில் கொட்டி அலசினால் டானின் என்ற பழுப்புச் சாயப்பொருளும் உப்பும் நிலத்தடிக்கு இறங்கும். இதற்கு வழி தெரியாமல் இல்லை: நீர் இறங்காத தளம், கழிவுநீரைத் தேக்கும் தொட்டி, அதைச் சுத்திகரித்து மறுபடியும் அலசுவதற்கே பயன்படுத்துவது. செலவு ஆகும், அதை ஆலை ஏற்க வேண்டும், ஊரின் கிணறு அல்ல. தண்ணீரைப் பரிசோதித்து, அறிக்கையோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

நாருக்கு மெத்தை, கயிறு தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. கயிற்று வலையைச் சரிவில் விரித்தால் புல் வேர்பிடிக்கும் வரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் தானே மக்கிவிடும். 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலைக்கு இதைப் பயன்படுத்த முடிவானது. தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர்.

தூளை நானே மக்கவைக்க முடியுமா? ஒரு டன் கிடக்கிறது.

தாராளமாக. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் போதும். நிழலில் நூறு கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்து. அதன் மேல் இன்னொரு நூறு கிலோ, அதில் ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று, இரண்டு மாதங்களில் தூள் கறுத்து, மண்வாசனை வரும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கியிருக்கும். தூள் இன்னும் செம்பழுப்பாகவே இருந்தால் பொறுத்திருங்கள். அவசரப்பட்டுத் தோட்டத்தில் போட்டால் மாடித்தோட்டத்து அம்மாவின் கத்தரிக்கு நேர்ந்ததுதான் உங்கள் பயிருக்கும் நேரும்.