மருத்துவ இடத்துக்காக வீட்டின் மேல் கடன் எடுப்பதற்கு முன்

மதிப்புக்குரிய ஐயா,

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூகாட்டில் மகனுக்குப் புள்ளிகள் குறைந்துவிட்டதால், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் முழுக் கட்டண மருத்துவ இடத்துக்காகச் சிட்னி வீட்டின் மேல் மேலும் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் என் பதில், வேண்டாம் என்பதுதான். 4 இலட்சம் டொலரைத் தாண்டும் அந்தக் கட்டணத்தை அரசின் ஹெல்ப் கல்விக் கடன் முழுமையாக ஈடுசெய்யாது. மிச்சத்தை, ஐம்பது வயதைக் கடந்த நீங்கள் இருவரும் வட்டியோடு சுமக்க வேண்டியிருக்கும். பெரியப்பாவின் பிள்ளைகள் வைத்தியர்களானது மகிழ்ச்சிக்குரிய விடயம். ஆனால் அவர் சொல்லும் வழிக்கான கடனைக் கட்டப்போவது நீங்கள்தான்.

நீங்கள் வெளியே காத்திருக்க, என்னோடு தனியே பேசிய நேரத்தில் மகன் மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கே இருண்டுவிடுவதையும், மின்விளக்கு கேட்டு நகரசபைக்குத் தான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தையும், அதற்காக வரவுசெலவு அறிக்கையில் தேடியெடுத்த எண்களையும் பற்றித்தான் பேசினார். ஒரு பொதுப் பிரச்சினையை எண்களோடு எடுத்துச் சொல்லி முடிவெடுப்பவரிடம் கொண்டுபோவதுதான் அரச நிர்வாகத்தின் அன்றாட வேலை.

சாள்ஸ் பேர்க்கின்ஸ் உதைபந்தாட்டத்திலிருந்து அரச நிர்வாகத்துக்கு வந்தவர். 1936இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த இந்தப் பூர்வகுடி மகன், அடிலெய்டில் ஃபிட்டர் வேலை பழகியவாறே உதைபந்தாடி, 1957இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகத்தின் தேர்வாட்டத்துக்குச் சென்றார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். பிஷப் ஓக்லண்ட் அணிக்கு ஆடினார். ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர்களுக்கு எதிராக ஆடிய ஆட்டமொன்றுக்குப் பிறகே தானும் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நாடு திரும்பி, சிட்னியின் பான்-ஹெலெனிக் கழகத்துக்கு ஆடிப் பெற்ற பணம் அவருடைய படிப்புக்குக் கைகொடுத்தது. 1965இல், பூர்வகுடியினருக்கு எதிரான பாகுபாட்டை எதிர்த்து மாணவர்கள் நடத்திய ‘சுதந்திரப் பயணம்’ பேருந்தில் மோரீ நகரத்துக்குச் சென்று, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட நீச்சல் குளத்தின் முன் நின்றார். 1966இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1969இல் மத்திய அரச சேவையில் சேர்ந்தவர், 1984இல் பூர்வகுடி அலுவல்கள் திணைக்களத்தின் செயலாளரானார். மத்திய திணைக்களம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி மனிதர் அவரே. வெளிப்படையாகப் பேசியதால் இடையில் ஒழுங்கு நடவடிக்கையும், 1988இல் பதவி விலகலும் அவருக்கு நேர்ந்தன. அரச சேவையில் நாவடக்கத்துக்கும் மனச்சாட்சிக்கும் இடையே இழுபறி உண்டு என்பதை மகன் இப்போதே அறிந்திருக்க வேண்டும்.

இன்று அந்தச் சேவைக்கான வாசல், நம் வீடுகளில் யாரும் பேசாத பட்டதாரிப் பயிற்சித் திட்டம். பொருளியல், அரசறிவியல், சட்டம், புள்ளிவிபரம் என எதைப் படித்தாலும் இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான திணைக்களங்கள் ஆண்டின் முற்பகுதியில் விண்ணப்பம் கோரும். இணையவழித் தேர்வு, காணொளி நேர்காணல், குழுப் பயிற்சி என்று படிப்படியாகத் தெரிவு நடக்கும். அவுஸ்திரேலியக் குடியுரிமை கட்டாயம். பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் ஆவணங்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். தெரிவானவர்களை முழுச் சம்பளத்தோடு, பெரும்பாலும் கன்பராவில், ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பழக்குவார்கள். அமைச்சருக்கான குறிப்பை ஒரே பக்கத்தில் எழுதவும், செனட் குழுவின் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்வார்கள். ஆறு ஏ.பி.எஸ். (அவுஸ்திரேலிய அரச சேவை) படிகள், இரண்டு நிர்வாக நிலைகள், மூன்று உயர்சேவை நிலைகள், அதற்கும் மேலே செயலாளர் என்று ஏணி தெளிவாக இருக்கிறது.

உதைபந்தாட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கன்பராவிலும் கழகங்கள் உண்டு. கட்டணத்தின் ஒரு பகுதியை அரசே ஏற்கும் ‘அரச ஆதரவு இடத்தில்’ படித்தால், சம்பளம் குறித்த எல்லையைத் தாண்டிய பிறகே மகன் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்குவார். உங்கள் வீடு அதில் ஈடாகாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கொடுத்த கல்வி விருப்பங்களின் வரிசையை இன்னும் மாற்ற முடியும். அதை அவரே எழுதட்டும். அதுவரை வங்கிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, நகரசபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தையும் மகனைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.